விடுதலைக்குப் பின் எந்த நாடு?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அது. கழகத்தின் சொற்போர்ப் பயிற்சிக்காக நாங்கள் ஆறேழு பேர் நூலகத்திற்குப் பின்புறம் உள்ள கல்மேசையில் கூடியிருந்தோம். அன்று காலை நாளேடுகளில் ஒரு செய்தி வந்திருந்தது. குவாண்டனாமோ சிறையில் 18 ஆண்டுகளாக இருந்த இரண்டு மலேசியர்கள் தாயகம் திரும்பியிருந்தார்கள். பாலித் தீவுக் குண்டுவெடிப்பு தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்கள் அவர்கள். மறுவாழ்வுத் திட்டத்திற்குப் பொறுப்பேற்பதாக நம் அரசாங்கம் கூறியிருந்தது.

அச்செய்தியை ஒட்டி ஒரு சொற்போர்த் தலைப்பு அமைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். "அங்கே இருப்பவர்களில் சிலருக்கு விடுதலை ஆணை கிடைத்தும் பல ஆண்டுகள் வெளியே வர முடியவில்லை. எந்த நாடும் ஏற்கவில்லை" என்றேன். முதலாமாண்டு மாணவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, விடுதலைன்னா வீட்டுக்குப் போறதுதானே? கதவத் தொறந்து விட்டா முடிஞ்சுது. இதுல இன்னொரு நாடு எதுக்கு?"

சட்டம் படிக்கிறேன் என்ற பெயர்தான் எனக்கு. அந்தக் கேள்விக்கு அன்று என்னால் தெளிவாக விடை சொல்ல முடியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதன் பிறகு தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை. அந்தத் தங்கைக்குச் சொல்ல வேண்டிய விடையை உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கியூபாவில் ஓர் அமெரிக்கச் சிறை

குவாண்டனாமோ வளைகுடா கியூபா நாட்டின் தென்கிழக்குக் கரையில் உள்ளது. 1903-ஆம் ஆண்டு செய்துகொண்ட குத்தகையின்படி அங்கே அமெரிக்கக் கடற்படைத் தளம் இயங்கி வருகிறது. மண் கியூபாவுக்குச் சொந்தம். ஆட்சியோ அமெரிக்காவின் கையில். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஆப்கானிஸ்தான் போரில் பிடிபட்டவர்களை அடைத்து வைக்க அமெரிக்க அரசு இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அமெரிக்க மண்ணில் வைத்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் கேள்வி கேட்கும். அந்நிய மண்ணில் வைத்தால் கேட்காது என்று அரசு வழக்கறிஞர்கள் கணக்குப் போட்டனர்.

2002 ஜனவரி 11-ஆம் நாள் முதல் 20 பேர் அங்கே கொண்டு வரப்பட்டனர். அதன் பிறகு இன்றுவரை ஏறக்குறைய 780 பேர் அச்சிறையைக் கண்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. போர்க்களத்தில் ஆயுதத்தோடு பிடிபட்டவர்களும் இருந்தனர். வெகுமதிப் பணத்திற்காக அண்டை அயலாரால் பிடித்துக் கொடுக்கப்பட்டவர்களும் இருந்தனர். யார் எவர் என்று பிரித்துப் பார்ப்பதற்கே பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் கணக்கும் நிலைக்கவில்லை. கைதிகள் அமெரிக்க நீதிமன்றத்தை நாடலாம் என்று 2004-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்கொணர்வு மனு போடும் உரிமை அவர்களுக்கு அரசியலமைப்பின்படியே உண்டு என்று 2008 ஜூன் மாதம் மேலும் உறுதிப்படுத்தியது. பூமெடியன் என்ற அல்ஜீரியரின் பெயரால் அறியப்படும் வழக்கு அது. இனி நீதிபதி ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "இவரை வைத்திருக்கக் காரணமில்லை, விடுங்கள்" என்று சொல்ல முடியும். சிக்கல் உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்கே அனுப்பினால் என்ன?

கைதிகளில் பெரும்பாலோர் அவரவர் நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் எல்லாரையும் அப்படி அனுப்ப முடியவில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, சித்திரவதை அச்சம். ஒருவர் சித்திரவதைக்கு உள்ளாவார் என்று நம்பக் கணிசமான காரணம் இருந்தால், அந்நாட்டுக்கு அவரை அனுப்பக்கூடாது என்று 1984-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தம் தடுக்கிறது. அமெரிக்காவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. சட்ட நூல்கள் இதனைத் திருப்பி அனுப்பாமைக் கோட்பாடு என்கின்றன. சீனா, சிரியா, லிபியா, துனீசியா போன்ற நாடுகளைச் சேர்ந்த பலர் இந்த வகையில் அடங்குவர்.

இரண்டாவது, நாட்டின் நிலைமை. ஏமன் நாட்டைச் சேர்ந்தவர்களே இதற்குச் சான்று. 2009 டிசம்பரில் டெட்ராய்ட் நகருக்குச் சென்ற விமானத்தைத் தகர்க்க நடந்த முயற்சிக்கு ஏமனில் தொடர்பு இருந்தது தெரிய வந்ததும், 2010 ஜனவரியில் ஏமனுக்கு ஆள் அனுப்புவதை அதிபர் ஒபாமா நிறுத்தினார். பின்னர் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. விடுவிக்கலாம் என்று முடிவான ஏமன் நாட்டவர் பலர், குற்றம் ஏதும் இல்லாமல், பிறந்த நாட்டின் பெயருக்காகவே ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தனர்.

மூன்றாவது, சிலருக்கு நாடே இல்லை. பாலஸ்தீன அகதிகளாகப் பிறந்தவர்களை எந்த நாட்டுக்கென்று அனுப்புவது?

சரி, பிடித்து வைத்த அமெரிக்காவே அவர்களை ஏற்றுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியை ஒரு நீதிபதியும் கேட்டார்.

22 பேர், 6 நாடுகள்

இந்தச் சிக்கல் முழுவதையும் 22 பேரின் கதையில் பார்த்துவிடலாம். சீனாவின் சின்ஜியாங் மாநிலத்தைச் சேர்ந்த உய்குர் இனத்தவர்கள் அவர்கள். துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் மக்கள். சீன ஆட்சியின் கெடுபிடிக்கு அஞ்சி வெளியேறி, ஆப்கானிஸ்தானில் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றில் பலர் தங்கியிருந்தனர். 2001 அக்டோபரில் குண்டுவீச்சு தொடங்கியதும் மலையைக் கடந்து பாகிஸ்தானுக்குள் தப்பினர். அங்கே தலைக்கு 5,000 டாலர் வெகுமதிக்காகப் பெரும்பாலோர் அமெரிக்கர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

இவர்களின் பகை சீன அரசோடுதான், அமெரிக்காவோடு அல்ல என்பது விசாரணையில் விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து பேர் எதிரிப் போராளிகள் அல்லர் என்று இராணுவ விசாரணைக் குழுவே முடிவு செய்தது. ஆயினும் விடவில்லை. அவர்களில் இருவரின் வழக்கில், 2005 டிசம்பரில், நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு விசித்திரமான தீர்ப்பை எழுதினார். இவர்களை வைத்திருப்பது சட்டவிரோதம். ஆனால் எங்கே அனுப்புவது என்று ஆணையிடத் தமக்கு வழியில்லை என்றார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த மருத்துவர் மருந்து இல்லை என்று கைவிரித்த கதைதான்.

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கேட்டுப் பார்த்ததாக அமெரிக்க அதிகாரிகள் கூறினர். சீனாவின் கோபத்துக்கு அஞ்சிப் பெரிய நாடுகள் ஒதுங்கின. இறுதியில் முன்வந்தது அல்பேனியா. ஐரோப்பாவின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. 2006 மே 5-ஆம் நாள் அந்த ஐவரும் அல்பேனியத் தலைநகர் திரானாவில் போய் இறங்கினர். மேல்முறையீட்டு மன்றத்தில் அவர்களின் வழக்கு விசாரணைக்கு வர இன்னும் சில நாள்களே இருந்தன. அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி சீனா கேட்டது, அல்பேனியா ஒப்படைக்கவில்லை.

எஞ்சிய 17 பேரின் வழக்கு 2008 அக்டோபர் 7-ஆம் நாள் நீதிபதி ரிக்கார்டோ உர்பினாவின் முன் வந்தது. வைத்திருக்கக் காரணம் இல்லை என்றால் விடுவிக்கத்தான் வேண்டும். வேறு நாடு கிடைக்கவில்லை என்றால் அமெரிக்காவுக்குள்ளேயே விடுங்கள் என்று அவர் ஆணையிட்டார். அந்த வாரமே அவர்களை வாஷிங்டனில் உள்ள தம் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். வாஷிங்டன் பகுதியில் வாழும் உய்குர் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் இடம் தர முன்வந்தன. ஆனால் மறுநாளே மேல்முறையீட்டு மன்றம் இடைக்காலத் தடை விதித்தது. யாரை நாட்டுக்குள் அனுமதிப்பது என்பது அரசின் அதிகாரம். நீதிபதிக்கு அது இல்லை என்று 2009 பிப்ரவரியில் தீர்ப்பும் வந்தது.

இதற்கிடையே, பதவியேற்ற இரண்டாம் நாளே, அதாவது 2009 ஜனவரி 22 அன்று, ஓராண்டுக்குள் சிறையை மூடுவதாக ஒபாமா ஆணை பிறப்பித்திருந்தார். உய்குர்களில் சிலரை வர்ஜீனியா மாநிலத்தில் குடியேற்றும் திட்டமும் பேசப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. 2009 மே மாதம், சிறையை மூடுவதற்கான நிதியை அமெரிக்க மேலவை 90-க்கு 6 என்ற வாக்குகளில் மறுத்தது. அடுத்து வந்த சட்டங்கள் எந்தக் கைதியையும் அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவரவே தடை போட்டன.

பிடித்த நாடு கதவைச் சாத்திய பிறகு யார் யார் திறந்தார்கள் என்று பாருங்கள்.

2009 ஜூன் மாதம் பெர்முடா 4 பேரை ஏற்றது. அட்லாண்டிக் கடலில் உள்ள சிறிய தீவு அது. பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. தன்னைக் கேட்கவில்லை என்று பிரிட்டன் சினந்தது. உள்ளூரில் முதல்வர் இவார்ட் பிரவுன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தோற்றது. 2009 அக்டோபர் இறுதியில், சுமார் 20,000 மக்களே வாழும் பசிபிக் தீவு நாடான பலாவ் 6 பேரை ஏற்றது. வந்தாரை வரவேற்பது தங்கள் மரபு என்றார் அதன் அதிபர் ஜான்சன் டொரிபியோங். 2010 மார்ச்சில் சுவிட்சர்லாந்து 2 பேரையும், 2012 ஏப்ரலில் எல் சால்வடோர் 2 பேரையும் ஏற்றன. கடைசி 3 பேர் 2013 டிசம்பரில் ஸ்லோவாக்கியா சென்றனர். ஐந்து, நான்கு, ஆறு, இரண்டு, இரண்டு, மூன்று. கூட்டினால் 22. பிடிபட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், கடைசி மூவர் வெளியே வர ஏறத்தாழ 12 ஆண்டுகள்.

சுவிட்சர்லாந்துக்குச் சென்ற இருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் உடன்பிறந்தவர்கள். அண்ணன் சிறையில் மனநலம் குன்றிப் போனார். பலாவ் தம்பிக்கு இடம் தர முன்வந்தது. அண்ணனின் நோய்க்கு ஏற்ற சிகிச்சை வசதி அங்கில்லை என்பதால் அவருக்குத் தரவில்லை. அண்ணனை விட்டுப் போக மாட்டேன் என்று தம்பி விடுதலையை மறுத்துச் சிறையிலேயே தங்கிவிட்டார். பின்னர் ஜூரா என்ற சுவிஸ் மாநிலம், சீனாவின் எச்சரிக்கையையும் மீறி, இருவரையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. இதைப் படித்த அன்று இரவு நான் வேறு எதையும் படிக்கவில்லை.

இதில் ஒரு சட்ட விந்தையும் உண்டு. நீதிபதிக்குக் கைதியை நாட்டுக்குள் விடும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் 2010 மார்ச்சில், எல்லாருக்கும் ஏதோ ஒரு நாடு இடம் தர முன்வந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி முடிவு சொல்லாமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2011-இல் மறுபடியும் கேட்டபோது ஏற்கவில்லை. சின்னஞ்சிறு நாடுகள் காட்டிய இரக்கம் அந்த மனிதர்களைக் கரையேற்றியது. அதே இரக்கம், பிடித்து வைத்த நாடு பதில் சொல்ல வேண்டிய கேள்வியிலிருந்து அந்நாட்டையும் கரையேற்றிவிட்டது.

ஒரு நாடு எப்படி முன்வருகிறது?

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கைதியை விடுவிக்கலாமா என்று அமெரிக்க அரசின் பாதுகாப்பு, வெளியுறவு, நீதி, உளவுத் துறைகள் கூடி முடிவெடுக்கும். சொந்த நாட்டுக்கு அனுப்ப முடியாது என்றால், இதற்கென நியமிக்கப்பட்ட சிறப்புத் தூதர் நாடு நாடாகப் போய்ப் பேசுவார். ஒபாமா காலத்தில் டேனியல் ஃபிரைட், கிளிஃபர்ட் ஸ்லோன், லீ வொலோஸ்கி ஆகியோர் அப்பொறுப்பில் இருந்தனர். சம்மதிக்கும் நாடு தன் அதிகாரிகளைக் குவாண்டனாமோவுக்கு அனுப்பிக் கைதியை நேரில் கண்டு பேசும். பிறகு இரு அரசுகளுக்கும் இடையே உடன்பாடு. கண்காணிப்பு எப்படி, வெளிநாடு போகலாமா கூடாதா, செலவு யாருடையது என்பவை அதில் இருக்கும். அதன் விவரங்கள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. கைதிக்கே அதன் நகல் கிடைப்பதில்லை. கடைசியாக, விமானம் ஏறுவதற்கு 30 நாள்களுக்கு முன் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நாடுகள் ஏன் சம்மதிக்கின்றன? காரணம் பலவகை. உருகுவேயின் அதிபர் ஹோசே முஹிக்கா, தாமே இராணுவ ஆட்சிக் காலச் சிறையில் பத்தாண்டுகளுக்கு மேல் கிடந்தவர். 2014 டிசம்பரில் 6 பேரை அவர் ஏற்றுக்கொண்டதில் அந்த அனுபவத்தின் சாயல் உண்டு. வேறு சில நாடுகளுக்கு அமெரிக்காவின் நட்பு தேவைப்பட்டது. 2010-இல் வெளிவந்த விக்கிலீக்ஸ் ஆவணங்கள் இந்தப் பேரத்தின் உள்பக்கத்தைக் காட்டின. ஒபாமாவைச் சந்திக்க வேண்டுமானால் ஒரு கைதியை ஏற்கும்படி ஸ்லோவேனியாவிடம் பேசப்பட்டது. கிரிபாட்டி என்ற தீவு நாட்டுக்குப் பல மில்லியன் டாலர் பெறுமான உதவி காட்டப்பட்டது. பலாவ் ஏற்றதும் உதவிப் பணத்துக்காகத்தான் என்று பேச்சு எழுந்தது. இரு அரசுகளும் மறுத்தன.

அச்சமும் நியாயமானதே என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்க உளவுத்துறையின் சொந்த அறிக்கைகளின்படி, 2009-க்கு முன் விடுவிக்கப்பட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் மீண்டும் தீவிரவாதச் செயல்களில் இறங்கியது உறுதியானது. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து விடுவிக்கத் தொடங்கிய பிறகு அது சுமார் இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. கவனமாகப் பிரித்துப் பார்த்தால் ஆபத்து குறையும் என்பதே இதன் பாடம் என நான் கருதுகிறேன். தன் மக்களின் அச்சத்துக்கு ஓர் அரசு விடை சொல்லத்தான் வேண்டும். 2016 ஜனவரியில் கானா நாடு ஏமன் நாட்டவர் இருவரை ஏற்றபோது, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் செய்த உடன்பாடு செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2017-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. கதவு திறந்தே இருந்தது. திறக்கும் முறை மட்டும் திருத்தப்பட்டது.

இறங்கிய பிறகு

விமானத்திலிருந்து இறங்கியவுடன் கதை முடிந்ததாக நாம் நினைக்கிறோம். செய்தித்தாள்களும் அத்தோடு நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் வாழ்க்கை.

அல்பேனியாவில் இறங்கிய ஐவருக்கு அந்நாட்டு மொழி தெரியாது. அவர்கள் மொழி பேசுவோரும் அங்கில்லை. மனைவி மக்கள் சீனாவில். ஒருவர் பிட்சா செய்யக் கற்றுக்கொண்டு பிழைப்பைத் தொடங்கினார். இன்னொருவர் பின்னர் சுவீடனில் தஞ்சம் பெற்றார். பெர்முடாவில் நால்வரும் முதலில் கோல்ப் திடலில் வேலை செய்தனர். அங்கேயே குடும்பம் ஆனது. ஆனால் கடப்பிதழ் வழங்கும் அதிகாரம் தீவுக்கு இல்லை, பிரிட்டனிடம் இருந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல்தான் அவர்களுக்கு ஒரு குடியுரிமை வாய்த்தது. பலாவிலோ வம்சாவளியினருக்கு மட்டுமே குடியுரிமை என்று அரசியலமைப்பே சொல்கிறது. வரவேற்பு இருந்தது; வேர்விட வழியில்லை. சில ஆண்டுகளில் ஆறு பேரும் அத்தீவை விட்டு வெளியேறினர்.

ஸ்லோவாக்கியாவுக்கு 2010 ஜனவரியில் அனுப்பப்பட்ட வேறு மூவர், அங்கும் தடுப்பு முகாமிலேயே வைக்கப்பட்டதால் உண்ணாவிரதம் இருந்தனர். உருகுவேயில் சிலர் 2015-இல் அமெரிக்கத் தூதரகத்தின் எதிரே கூடாரமிட்டு, எங்கள் வாழ்க்கைக்கு நீங்களே பொறுப்பு என்றனர். கஜகஸ்தானுக்கு 2014 டிசம்பரில் சென்ற ஐவரில் ஒருவர் சில மாதங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்.

இவற்றைவிடக் கொடுமையானவையும் உண்டு. செனகல் 2016-இல் இரண்டு லிபியர்களை ஏற்றது. இரண்டே ஆண்டில், 2018 ஏப்ரலில், அவர்கள் எந்த நாட்டுக்குப் போக அஞ்சினார்களோ அதே லிபியாவுக்கு அனுப்பிவிட்டது. ஐக்கிய அரபு சிற்றரசுகள் 2016 ஆகஸ்டில் ஒரே நாளில் 15 பேரை ஏற்றன. மறுவாழ்வு என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் மீண்டும் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டனர்.

ஓமான் நல்ல எடுத்துக்காட்டாகவே இருந்தது. 2015 முதல் 2017 வரை 30 பேரை ஏற்றது. பெரும்பாலோர் ஏமன் நாட்டவர். வீடு தந்தது, மருத்துவம் தந்தது, வேலை தேடித் தந்தது. மொழியும் சமயமும் ஒன்று. பலர் மணம் முடித்துப் பிள்ளை பெற்றனர். ஆனால் 2024-இல் அவர்களில் பெரும்பாலோர் ஏமனுக்குத் திரும்பும்படி ஆயிற்று. போர் ஓயாத ஊருக்குக் குழந்தைகளோடு போனார்கள். அதே ஓமான் 2025 ஜனவரியில் வேறு 11 ஏமன் நாட்டவரை ஏற்றுக்கொண்டது. அவர்கள் போன பிறகு குவாண்டனாமோவில் எஞ்சியவர்கள் 15 பேர்.

பாட்டியின் சிவப்பு அட்டை

இவற்றைப் படித்தபோது அடிக்கடி என் பாட்டியின் நினைவு வந்தது. அவர் இந்நாட்டு ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்க அன்று யாரும் போகவில்லை. அதனால் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான். வாக்களித்ததில்லை. அம்மாவும் பெரியம்மாவும் சிதம்பரம் போனபோது கடப்பிதழ் இல்லாமல் பாட்டி மட்டும் வீட்டில் இருந்தார். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, "நான் எங்க போகப் போறேன், விடும்மா" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

குவாண்டனாமோவோடு என் பாட்டியை ஒப்பிடுவது தகாது. அவர் சொந்த வீட்டில், பேரப்பிள்ளைகளின் நடுவே வாழ்ந்தவர். விலங்கு பூட்டிக் கடல் கடத்தப்பட்டவர்களின் துயரம் வேறு. இருப்பினும் ஒன்று எனக்கு விளங்கியது. ஒரு மனிதனை "இவர் எங்களவர்" என்று சொல்ல ஓர் அரசு இருந்தால்தான் அவன் எங்கே போனாலும் திரும்ப முடியும். அந்த ஒன்று இல்லாதவனுக்குத் திறந்த கதவும் சுவர்தான்.

நமக்கு என்ன?

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியாவும் கையெழுத்திடவில்லை, சிங்கப்பூரும் கையெழுத்திடவில்லை. ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் ஓர் அரசு சரியானதைச் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017-இல் தாய்லாந்துத் தடுப்பு முகாமிலிருந்து சுவரைத் துளைத்துத் தப்பிய உய்குர்களில் 11 பேர் மலேசியாவில் பிடிபட்டனர். சீனா அவர்களைக் கேட்டது. 2018 அக்டோபரில் மலேசியா அவர்களை விடுவித்துத் துருக்கிக்கு அனுப்பி வைத்தது. இங்கே அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே அன்றைய பிரதமர் மகாதீரின் விளக்கம். தாய்லாந்தில் எஞ்சியிருந்தவர்களில் 40 பேர் 2025 பிப்ரவரியில் சீனாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரே நாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்கள். சுவரைத் தாண்டியவர்களுக்கு ஒரு விதி, தாண்டாதவர்களுக்கு வேறு விதி.

ஆகவே, ஒரு நாடு கைதியை ஏற்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. நிரந்தரமாக வாழ உரிமை தருகிறார்களா, அல்லது இரண்டு ஆண்டு விருந்தா? பயணம் செய்யத் தாள் உண்டா? குடும்பத்தை வரவழைக்கலாமா? வேலை செய்யலாமா? மருத்துவம் யார் பொறுப்பு? ஆட்சி மாறினாலும் வாக்குறுதி நிலைக்குமா? பெலீஸ் நாடு 2023 பிப்ரவரியில் மஜித் கான் என்பவரை ஏற்றபோது, அவர் குடும்பத்தோடு சேர்ந்து அங்கே வாழ வழி செய்தது. தண்டனைக் காலத்தை முடித்தவர் அவர். சிறிய நாட்டாலும் இது முடியும் என்பதற்கு அது சான்று.

அன்று கல்மேசையில் என்னைக் கேட்ட தங்கைக்கு இப்போது விடை சொல்கிறேன். கதவைத் திறந்து விட்டால் பாதி விடுதலைதான் அம்மா. அந்தக் கதவுக்கு வெளியே கால் வைக்க ஒரு நாடு வேண்டும். அந்த நாடு நாளையும் தன்னை வைத்திருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது வீடு. பிடித்து வைத்தவர்கள் கொடுக்க மறுத்த அதனைத் தங்களால் இயன்ற அளவில் கொடுத்த நாடுகளின் பெயர்களை, அவை எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், நாம் நினைவில் வைத்திருப்போம். கொடுத்துவிட்டுப் பறித்துக்கொண்ட நாடுகளையும் மறவாதிருப்போம்.